சொன்னவர் பெயர் தெரியாத சொல்

நம் வீடுகளில் பிள்ளையைத் திருத்த வேண்டுமானாலும், இருவருக்கு நடுவே எழுந்த சச்சரவைத் தீர்க்க வேண்டுமானாலும், துக்கத்தில் ஆழ்ந்தவருக்கு ஆறுதல் கூற வேண்டுமானாலும், பெரியவர்கள் சொந்த வார்த்தைகளைத் தேடிக்கொண்டிராமல் ஒரு பழமொழியை எடுத்துச் சொல்லி அத்தோடு பேச்சை முடித்துக்கொள்வது நெடுங்கால வழக்கம். 'நிறைகுடம் தளும்பாது' என்று பாட்டி சொன்னால், அதை முதலில் சொன்னவர் யார், எந்தச் சாஸ்திரத்தின் பலத்தில் சொன்னார் என்று எந்தப் பேரனும் கேட்பதில்லை. கேட்கத் தோன்றுவதும் இல்லை. வேதாந்த வாக்கியங்களுக்கே ஆசாரியர்கள் வெவ்வேறு விதமாகப் பாஷ்யம் செய்து வாதிட்ட தேசத்தில், திருக்குறளுக்கே பதின்மர் உரை கண்ட மொழியில், கர்த்தா இன்னார் என்று தெரியாத இந்தச் சிறு வாக்கியங்கள் மாத்திரம் எவ்வித விசாரணைக்கும் உட்படாமல் நம் நடத்தையின்மீது இத்தனை அதிகாரம் செலுத்தி வருவது ஆழ்ந்து சிந்திக்கத்தக்க விஷயமாகும்.

பள்ளிக்கூடத்தில் கரும்பலகையின் மேல்மூலையில் நாள்தோறும் ஒரு பழமொழியை எழுதிவைக்கிறோம். காலை வழிபாட்டில் ஒரு மாணவர் அதை உரக்கப் படிக்கிறார். பரீட்சையில் அதை வாக்கியத்தில் அமைத்துக் காட்டுமாறு கேட்கிறோம். இவ்வளவும் செய்வது, இதனால் மாணாக்கரிடத்தில் நற்குணம் வளரும் என்ற நம்பிக்கையினால்தான். அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் என்ன? பெயரற்ற ஒரு சொல் ஒரு மனிதனை நல்லவனாக்க வல்லதா? வல்லது என்றால் அது எப்படி நேர்கிறது? இந்தக் கேள்வி நமக்குப் புதிதாகத் தோன்றியதன்று. இலக்கண நூலாரும் தர்க்க நூலாரும் சமயவாதிகளும் இதைப் பல கோணங்களில் ஆராய்ந்திருக்கின்றனர். அவர்கள் கண்டவற்றைத் துணையாகக் கொண்டு, இச்சொற்கள் பிறந்த அடுப்படிக்கும் வயலுக்கும் சென்று பார்த்தால், விடை ஒருவாறு புலப்படும் என்று நம்புகிறேன்.

தொல்காப்பியர் செய்யுளியலில் முதுமொழிக்கு இலக்கணம் கூறுகையில், நுட்பமும் சுருக்கமும் விளக்கமும் எளிமையும் அதற்கு வேண்டும் என்று வகுத்ததோடு நில்லாமல், தான் கருதிய பொருளை நிலைநாட்டுவதற்கு ஏதுவாக அது வரவேண்டும் என்றும் கூறுகிறார். இறுதியில் சொன்ன இதுவே நமக்கு முக்கியமானது. பழமொழி பேச்சுக்கு இட்ட அணிகலன் அன்று. வாதத்தில் நிற்கும் ஏது, அதாவது காரணம். காரணம் என்று வந்துவிட்டால் அதை ஏற்கவும் மறுக்கவும் கேட்பவனுக்கு உரிமை உண்டு. இந்த உரிமையைச் சங்கப் புலவர்கள் நன்கு அறிந்திருந்தனர். அகநானூற்றின் 101ஆம் பாட்டில் மாமூலனாரின் தலைவி, பிரிவுத் துயரத்தில் தோழியிடம் பேசும்போது, நன்மை செய்தவர்க்குத் தீமை வராது என்று தொன்றுதொட்டு வழங்கும் பழமொழி இன்று பொய்த்துவிட்டதோ என்று ஏங்குகிறாள். 'பழமொழி' என்ற பெயராலேயே அதைக் குறிப்பிட்டு, அதே மூச்சில் அதன் உண்மையை ஐயுறுகிறாள். முன்னோர் சொல் என்பதற்காக அவள் தன் வேதனையை மறைத்துக்கொள்ளவில்லை. வேதனை வந்தது என்பதற்காக முன்னோர் சொல்லை எறிந்துவிடவும் இல்லை. தன் வாழ்வை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறாள். பழமொழியைக் கேட்கவேண்டிய முறைக்கு இதைவிடச் சிறந்த உதாரணம் வேண்டியதில்லை.

இந்த ஐயத்தைத் தத்துவ நூலார் இன்னும் கூர்மையாக்கினார்கள். வஞ்சி மாநகரில் மணிமேகலை சமயவாதிகளை ஒவ்வொருவராக அணுகி அவரவர் கொள்கையைக் கேட்கும் காதையில், முதலாவதாகப் பேசும் அளவைவாதி, உண்மையை அறிவதற்குரிய பிரமாணங்கள் பத்து என்று எண்ணிக் காட்டுகிறான். காண்டல், கருதல், உவமம், ஆகமம் என்று செல்லும் அவ்வரிசையில் ஐதிகம் என்பதும் ஒன்று. உலகோர் வழிவழியாகச் சொல்லி வருவதைக் கொண்டு ஒன்றைத் தெளிவதே ஐதிகம். அதற்கு அவன் காட்டும் உதாரணம், இந்த மரத்தில் ஒரு பேய் உண்டு என்று ஊரார் கூறுவதை நம்புவது! வடமொழித் தர்க்க நூலாரும் ஆலமரத்தில் யட்சன் வசிக்கிறான் என்ற இதே உதாரணத்தையே கொள்கின்றனர். பின்னர் வந்த அருணந்தி சிவாசாரியார், சிவஞான சித்தியாரின் அளவையியலில் பிறர் கூறிய பல பிரமாணங்களையும் எண்ணிவிட்டு, அவையெல்லாம் காண்டல், கருதல், உரை என்ற மூன்றிலே அடங்கும் என்று முடிவு கட்டுகிறார். அந்த முடிவின்படி ஐதிகத்துக்குத் தனிநாற்காலி கிடையாது.

வாசஸ்பதி மிச்ரர் சாங்கிய தத்துவ கௌமுதியில் இதற்குக் காரணத்தைத் தெளிவாக்குகிறார். சொன்னவர் இன்னார் என்று குறிப்பிடப்படாமையால் ஐதிகம் சந்தேகத்துக்கு இடமானது. சொன்னவர் நம்பத்தக்கவர் என்று நிச்சயமாகுமானால் அது ஆப்த வாக்கியமாகிவிடும், தனிப் பிரமாணமாக எண்ண வேண்டியதில்லை என்பது அவர் வாதம். ஆக, பழமொழியின் குறை ஒன்றே: அதற்கு ஆப்தன் இல்லை. ஆப்தன் என்பவன் யார்? நியாய சூத்திரத்துக்குப் பாஷ்யம் செய்த வாத்ஸ்யாயனர் கூறும் இலக்கணம் மிக உயர்ந்தது: பொருளை நேரே அறிந்தவன், அறிந்ததை அறிந்தபடியே பிறர்க்கு உரைக்க விரும்புபவன், அவனே ஆப்தன். இவ்விலக்கணம் ரிஷிகளுக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் பொது என்று அவர் வெளிப்படையாகவே எழுதிவைத்திருக்கிறார். பிறப்பும் பாஷையும் வேஷமும் ஆப்தனை ஆக்குவதில்லை. நேரே அறிதலும் பொய்யாமையுமே ஆக்குகின்றன. அப்படியானால் அடுப்படியில் நிற்கும் தாயும், ஏர் பிடித்த உழவரும், தாம் நேரே அறிந்த விஷயத்தில் எந்த முனிவருக்கும் குறையாத ஆப்தர்களே ஆவர். அவர்கள் பெயர் அழிந்து போயிற்று. அவர்கள் நேரே அறிந்ததை நாமும் நேரே அறிய முடியுமா என்பதே இனி நாம் கேட்கவேண்டியது.

'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பதை எடுத்துக்கொள்வோம். உலை கொதித்து அரிசி வெந்து வரும் வேளையில், அகப்பையால் நன்றாகக் கிளறி, நடுப்பானையிலிருந்து நாலு பருக்கைகளை அள்ளி, அவற்றுள் ஒன்றைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் வைத்து நசுக்குகிறாள் தாய். நடுவில் வெள்ளைப் பொட்டுப் போல ஒரு புள்ளி தெரிந்தால் வேகவில்லை. பருக்கை வழவழவென்று முழுதும் மசிந்தால் வடிக்கலாம். ஆயிரக்கணக்கான பருக்கைகளின் நிலையை ஒரு பருக்கை சொல்லிவிடுகிறது. இந்தக் கருத்தைப் பதஞ்சலி முனிவரும் மகாபாஷ்யத்தில் ஆண்டிருக்கிறார்; ஸ்தாலீபுலாக நியாயம் என்ற பெயரில் சாஸ்திரக்காரர்கள் அனைவரும் அதைக் கையாள்கிறார்கள். ஆனால் அந்தத் தாயைக் கேட்டால் சாஸ்திரக்காரர் சொல்லாமல் விட்ட ஒன்றையும் சொல்லுவாள். அரிசி ஒரே நெல்லிலிருந்து வந்ததாக இருக்கவேண்டும். ஒன்றாகக் களைந்து, ஒன்றாக உலையில் இட்டு, ஒரே தீயில் வெந்ததாக இருக்கவேண்டும். பழைய அரிசியும் புது அரிசியும் கலந்துபோன பானையில் ஒரு பருக்கையை நம்பி வடித்தால், பாதி குழைந்தும் பாதி விறைத்தும் இருக்கும் சோற்றைத்தான் இலையில் இட நேரும். அந்தக் கலப்பு உண்டா என்று பார்த்த பிறகே ஒரு சோறு பதம் ஆகும்.

இந்த நிபந்தனையை மறந்தவர்களே இப்பழமொழியைக் கொண்டு மனிதர்களை அளக்கத் துணிகிறார்கள். ஓர் ஊர்க்காரன் ஒருவன் பொய் சொன்னான் என்றால் அந்த ஊரே பொய் பேசும் ஊர் என்றும், ஒரு ஜாதியில் ஒருவன் தவறு செய்தான் என்றால் அந்த ஜாதியே அப்படித்தான் என்றும் தீர்ப்புக் கூறிவிட்டு, அதற்குச் சாட்சியாக இந்த வாக்கியத்தையே இழுத்துவைக்கிறார்கள். மனிதர்கள் ஒரே பானையில் ஒரே தீயில் வெந்தவர்கள் அல்லர். ஒவ்வொருவருடைய துன்பமும் கல்வியும் முயற்சியும் வேறு வேறு. சொல் பிறந்த இடத்தை அறிந்த மாணவன் இந்தத் தீர்ப்பைக் கூற நா எழாமல் நிற்பான். வாக்கியத்தை மாத்திரம் மனப்பாடம் செய்தவன் கூசாமல் கூறிவிடுவான். பழமொழியின் பிறப்பிடத்தை அறிவது வெறும் பாஷா ஆராய்ச்சியன்று, ஒழுக்கத்தோடு நேரே தொடர்புடையது என்பதற்கு இது ஒன்றே போதும்.

அடுப்படியைப் போலவே தோப்பும் தத்துவம் பயின்ற இடம்தான். 'காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது போல' என்கிறோம். ஆடி ஆவணி மாதங்களில் காம்பு தளர்ந்து பழம் தானே உதிர்வது பனையின் இயல்பு. அந்தச் சமயத்தில் ஒரு காக்கை மட்டையில் வந்து உட்கார்ந்தது தற்செயல். இரண்டும் ஒருங்கே நிகழ்ந்தமையால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது. காகதாலீய நியாயம் என்ற பெயரோடு இதே கருத்தை யோகவாசிஷ்டம் அடிக்கடி எடுத்தாள்கிறது. தான் எழுதிய பேனாவினால் பரீட்சை தேறியதாகவும், வழியில் எதிர்ப்பட்டவரால் தோற்றதாகவும் நினைக்கிற மாணவனுக்கு இதைவிட நல்ல உபதேசம் கிடையாது. தோல்விக்குப் பிறர்மேல் பழி சுமத்தாமல் தன் முயற்சியில் இருந்த குறையைத் தேடும் நேர்மையை அது வளர்க்கிறது.

கொல்லைப்புறத்தில் கண்ட காட்சிகள் மோட்ச சாஸ்திரத்துக்குள்ளும் இடம்பெற்றன. குரங்குக் குட்டி தாயின் வயிற்றைத் தன் கைகளால் இறுகப் பற்றிக்கொள்கிறது. பூனைக் குட்டியோ ஒன்றும் செய்வதில்லை, தாயே அதை வாயால் கவ்வி எடுத்துச் செல்கிறது. ஜீவன் கடைத்தேறுவதற்குத் தன் பங்காக ஏதேனும் முயலவேண்டுமா, பகவானுடைய கிருபையே போதுமா என்ற ஸ்ரீவைஷ்ணவர்களின் பெரும் விவாதத்தில், வடகலையார் நிலைக்குக் குரங்கைக் கொண்ட மர்க்கட நியாயமும் தென்கலையார் நிலைக்குப் பூனையைக் கொண்ட மார்ஜார நியாயமும் சின்னங்களாயின. சங்கர பகவத்பாதரும் பிரம்மசூத்திர பாஷ்யத்தில், கண்ணுக்கு எளிதில் அகப்படாத அருந்ததியைக் காட்ட விரும்புகிறவன் அதன் அருகிலுள்ள பெரிய நட்சத்திரத்தை முதலில் காட்டி, பிறகு அதை விலக்கி அருந்ததியைக் காட்டுகிற உலக வழக்கத்தை எடுத்து ஆராய்கிறார். நம் கல்யாணங்களில் இன்றும் நடக்கிற காரியம் அது. இத்தகைய லௌகிக நியாயங்களைத் திரட்டிக் கர்னல் ஜேக்கப் 1900ஆம் ஆண்டு முதல் பம்பாய் நிர்ணயசாகர அச்சகத்தின் வழியாக 'லௌகிக நியாயாஞ்ஜலி' என்று மூன்று பகுதிகளாக வெளியிட்டார். பாமரர் கண்டதைப் பண்டிதர் ஏற்றுக்கொண்டார்கள் என்பதற்கு அந்நூல் நிலையான சாட்சி.

தமிழில் இந்தத் தொகுப்பு வேலை மிகப் பழமையானது. முன்றுறை அரையனார் நானூறு பழமொழிகளை நானூறு வெண்பாக்களில் அமைத்துத் தந்த நூல் பதினெண்கீழ்க்கணக்கில் ஒன்றாக விளங்குகிறது. பிற்காலத்தில், யாழ்ப்பாணத்தில் ஊழியம் செய்தவரும் ஆறுமுக நாவலரைத் துணையாகக் கொண்டு விவிலியத்தைத் தமிழாக்கியவருமான பீட்டர் பெர்சிவல் பாதிரியார், 1874இல் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பழமொழிகளை ஆங்கில மொழிபெயர்ப்போடு சென்னையில் அச்சிட்டார். டேனிஷ் மிஷனைச் சேர்ந்த ஹெர்மன் ஜென்சன் 1897இல் பழமொழிகளைப் பொருள்வாரியாகப் பிரித்து ஒரு தொகுதி வெளியிட்டார். பெருந்தொண்டாகிய இவற்றுக்கு நாம் என்றும் கடமைப்பட்டிருக்கிறோம். எனினும் தொகுப்பில் வரிசையாக அடுக்கப்பட்டவுடன் ஒவ்வொரு சொல்லும் தன் தாய்வீட்டை இழந்துவிடுகிறது. யார், எந்த நிலையில், எந்த மனநோவோடு சொன்னார் என்பது மறைந்து, எல்லாம் ஒரே குரலில் உத்தரவிடுவன போலத் தோன்றத் தொடங்குகின்றன.

உண்மையில் பழமொழிகளில் பல உத்தரவுகளே அல்ல, பெருமூச்சுகள். 'உழுகிறவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது' என்பதைச் சிலர் கணக்குப் பாராமல் உழைக்க வேண்டும் என்ற உபதேசமாக எடுத்துக்கொள்கிறார்கள். உழக்கு என்பது படியில் நாலில் ஒரு பங்கு. களத்து மேட்டில் நெல்லைத் தூற்றிக் குவித்து, குத்தகைக்கு அளந்து, கடனுக்கு அளந்து, கூலிக்கு அளந்து, விதைக்கு எடுத்துவைத்த பிறகு, மரக்காலை வைத்துவிட்டு உழக்கைத் தேடும் நிலைக்கு வந்த மனிதர் சொன்ன சொல் அது. 'மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்' என்பதும் அத்தகையதே. எந்த மாமியாரும் அதைச் சட்டமாக இயற்றவில்லை. ஒரே குற்றத்துக்கு இரண்டு தண்டனை கண்ட ஒரு மருமகளின் கண்ணீர் அதில் இருக்கிறது. இவற்றை ஒரு மாணவன் கற்க வேண்டியது கீழ்ப்படிவதற்காக அன்று, இரங்குவதற்காக. பிறர் துன்பத்தைத் தன் துன்பமாக உணரும் இதயம் இல்லாதவிடத்து மற்ற நற்குணங்கள் எல்லாம் சேர்ந்திருந்தும் பயனில்லை. ஒரு வாக்கியத்துக்குள் மறைந்திருக்கும் பெயரற்ற மனிதரின் நோவைக் கேட்கப் பழகிய செவி, அடுத்த பெஞ்சியில் பசியோடு உட்கார்ந்திருக்கும் தோழனின் நோவையும் கேட்கும்.

அதே செவி மற்றோர் உண்மையையும் கேட்டாக வேண்டும். ஆயிரக்கணக்கான பழமொழிகளில் பெண்களை இழிவுபடுத்துவன உண்டு. சில ஜாதிகளைக் கேவலமாகப் பேசுவன உண்டு. உடற்குறை உடையோரைப் பரிகசிப்பன உண்டு. இவையும் முன்னோர் சொல்லே. அளவைவாதி ஐதிகத்துக்குப் பேயையே உதாரணமாகக் கொண்டதை இங்கே நினைவுகூர வேண்டும். தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டது என்ற ஒரே காரணத்தால் மரத்தில் பேய் வந்து குடியேறிவிடாது. ஒரு கூட்டத்தார் தாழ்ந்தவர் என்பதும் அப்படியே. அச்சொற்களைச் சொன்னவன் எதையும் நேரே அறியவில்லை. தன் அகங்காரத்தை அறிந்தபடி உரைத்தான், அவ்வளவே. ஆப்த லட்சணம் அவனுக்கு இல்லை.

இந்தச் சங்கடத்திலிருந்து தப்புவதற்குச் சிலர் வேறொரு வழி காண்கிறார்கள். 'அடி உதவுவது போல் அண்ணன் தம்பி உதவமாட்டான்' என்பதில் வரும் அடி பிரம்படி அன்று, இறைவன் திருவடி என்று விளக்குவதைப் போல, உறுத்துகிற ஒவ்வொரு பழமொழிக்கும் உள்ளே ஓர் உயர்ந்த பொருள் இருந்ததாகவும் பிற்காலத்தார் அதைச் சிதைத்துவிட்டதாகவும் கூறுகிறார்கள். பக்தியினால் எழுந்த எண்ணம் என்ற அளவில் அது மதிக்கத்தக்கதே. ஆனால் பிள்ளைகளை அடித்து வளர்த்த காலம் ஒன்று இருந்தது என்பதும், அடிப்பதை நியாயப்படுத்தச் சொற்கள் பிறந்தன என்பதும் மறைக்க முடியாத உண்மைகள். முன்னோர் தவறே செய்யாதவர்கள் என்று காட்டுவதற்காக மாணவனிடம் சான்றில்லாத ஒரு விளக்கத்தை உண்மை என்று கூறினால், அவன் பழமொழியைக் கற்கவில்லை, பொய்யைப் பக்தியாகப் பேசக் கற்கிறான். இந்தச் சொல் தவறு, இதை நான் பின்பற்றமாட்டேன் என்று மரியாதையோடும் உறுதியோடும் சொல்லும் ஆண்மையை அவனுக்குக் கற்பிப்பதே முன்னோருக்கும் பெருமை; அவர்களும் நேரே அறிந்ததையே பேசச் சொன்னவர்கள் அல்லவா?

பழமொழிகள் ஒன்றோடொன்று முரண்படுகின்றனவே என்று கேட்பவர்களும் உண்டு. 'பதறாத காரியம் சிதறாது' என்கிறது ஒன்று. 'அலை எப்போது ஓய்வது, தலை எப்போது முழுகுவது' என்று அவசரப்படுத்துகிறது மற்றொன்று. 'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்பதும் 'துணிந்தவனுக்குத் துக்கமில்லை' என்பதும் ஒரே வாயிலிருந்து வருகின்றன. இது குறையன்று. தர்மசாஸ்திரத்திலும் இலக்கணத்திலும் பொதுவிதி ஒன்று, அதற்கு விலக்கு ஒன்று என்று இரண்டையும் வைத்து, எங்கே எது செல்லும் என்பதை அறிகிற விவேகத்தை மாணாக்கனிடம் விட்டார்கள் ஆசிரியர்கள். வெள்ளத்தில் ஒரு குழந்தை அகப்பட்டிருக்கும்போது நீந்தத் தெரிந்தவன் கரையில் நின்று ஆழத்தை ஆராய்ந்துகொண்டிருந்தால் அது பாதகம். வீரம் காட்டுவதற்காக அதே ஆற்றில் ஒருவன் குதித்தால் அது பேதைமை. ஆறு ஒன்றே, சொல் இரண்டு. எந்தச் சொல்லைத் தேர்ந்தெடுக்கிறான் என்பதில் அவன் மதி மட்டுமின்றி, தனக்காகச் செய்கிறானா பிறர்க்காகச் செய்கிறானா என்ற அவன் சீலமும் வெளிப்பட்டுவிடுகிறது.

தேர்ந்தெடுக்கும் இந்த உரிமைக்குப் பழமொழி நானூறே ஒரு நல்ல நிகழ்ச்சியை நமக்குத் தருகிறது. சோழன் ஒருவன் சிறு வயதில் அரியணை ஏறியபோது, வழக்குத் தொடுத்து வந்த முதியோர் இருவர், இந்த இளைஞனால் நம் வழக்கின் உண்மையைக் காண முடியுமா என்று தயங்கினார்கள். அதை உணர்ந்த அரசன் நரைமுடி தரித்து முதியவன் கோலத்தில் வந்து இரு தரப்பார் கூற்றையும் கேட்டு நீதி வழங்கினான். அந்தச் சோழன் கரிகாலன் என்பது வழிவழி வரும் கொள்கை. குலத்துக்குரிய வித்தை கல்லாமலே பாதி வந்துவிடும் என்ற பழமொழிக்கு இக்கதையை உதாரணமாக்குகிறார் அரையனார். அவர் காலத்து நம்பிக்கை அது. ஆனால் அதே கதையை நாம் படிக்கும்போது வேறோர் உண்மை நம் முன் நிற்கிறது: வயதைக் கண்டு எள்ளியவர்களை அவ்விளைஞன் தண்டிக்கவில்லை, அவர்கள் மனம் அமைதியுறும் வண்ணம் தன் அழகிய இளமையையே மறைத்துக்கொண்டான், தன் கௌரவத்தை விட நியாயம் பெரிது என்று எண்ணினான். குலத்தால் வந்த வித்தையைவிட, அவமதிப்பைப் பொறுத்துக்கொண்டு கடமையைச் செய்த அந்தப் பணிவே இன்றைய மாணவர் கொள்ளத்தக்கது. அந்த வெண்பாவில் பழமொழியைவிட நிகழ்ச்சி பெரியது. சொல்லைவிடச் செயல் பெரியது.

செயலைவிட்டுப் பிரிந்த சொல்லின் கதி என்ன என்பதையும் பழமொழியே கூறிவிட்டது: 'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.' ஓலையில் எழுதிய சுரைக்காய் எத்தனை அழகாக இருந்தாலும் அடுப்பில் ஏறாது. கரும்பலகையில் எழுதிய பழமொழியும் அவ்வாறே. 'தன் கையே தனக்கு உதவி' என்று சுவரில் எழுதிய அறையிலேயே பக்கத்தில் இருப்பவன் விடைத்தாளைப் பார்த்து எழுதுகிற மாணவன், அந்தச் சொல்லை அறியாதவன் அல்லன். அதைத் தன் கையால் ஒருமுறையும் உண்மையாக்காதவன்.

'அகல உழுவதைவிட ஆழ உழு' என்பதைக் கல்விக்கு உபதேசமாகச் சொல்லுகிறோம். ஏர் பிடித்தவர்கள் அதன் காரணத்தை அறிவார்கள். மேலோட்டமாகக் கீறிய மண்ணில் களையின் வேர் அறுபடாது. பெய்த மழை உள்ளே இறங்காமல் ஓடிப்போய்விடும். கொழுவை ஆழ இறக்க வேண்டுமானால் மேழியை அழுத்திப் பிடிக்க வேண்டும். தோள் நோகும், மாடு தயங்கும், பொழுதுக்குள் உழுது முடிக்கிற நிலமும் குறையும். வரப்பில் போகிறவர் பார்த்தால் இரண்டு வயலும் புழுதியாகவே தெரியும். எது ஆழ உழுதது, எது மேலே கீறியது என்று சொல்ல அவரால் இயலாது. உழுதவன் ஒருவனுக்குத்தான் தெரியும். யாரும் காணாத அந்த ஆழத்துக்காக உடலை வருத்திக்கொள்வதே உழவனின் ஒழுக்கம். எவர் கண்ணுக்கும் படாத இடத்தில் ஒருவன் எப்படி நடந்துகொள்கிறானோ அதுவே அவன் குணம் என்ற பெரிய தர்மம், தோள் நோவிலிருந்து எழுந்த இந்தச் சின்ன வாக்கியத்துக்குள் முழுமையாக இருக்கிறது. இரவில் தனியே அமர்ந்து, பரீட்சையில் கேட்கப்படாது என்று தெரிந்தும் ஒரு பாடத்தின் அடிவரை சென்று புரிந்துகொள்ள முயலும் மாணவி அந்த உழவனுடைய சொல்லைத் தன் அனுபவமாக்கிக்கொள்கிறாள்.

ஆகவே ஆசிரியப் பெருமக்களுக்கு நான் விண்ணப்பிப்பது இதுதான். ஒரு நாளைக்கு ஒரு பழமொழி என்று எழுதிப் போடுவதை விட, ஒரு மாதத்துக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு, அது பிறந்த தொழிலைச் செய்கிற ஒருவரை, உழவரையோ குயவரையோ வீட்டில் சமைக்கும் தாயாரையோ வகுப்புக்கு அழைத்து, மாணவர்களைக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். சொல் எந்த நிபந்தனையில் மெய், எந்த நிபந்தனையில் பொய் என்று அவர்களே கண்டறியட்டும். அதனால் சொல்லின் அர்த்தம் விளங்குவதோடு, கையால் உழைப்பவர்களிடமிருந்து ஞானம் வருகிறது என்ற மரியாதையும் அவர்கள் மனத்தில் ஊன்றும். பிறகு அந்த மாதம் முழுவதும் அதைத் தம் வாழ்வில் ஓரிடத்திலாவது செய்துபார்க்கட்டும். செய்ய முடியவில்லை என்றால் ஏன் என்று மறைக்காமல் கூறட்டும்.

பழமொழியைச் சொன்னவர் பெயர் தெரியாது, ஆதலால் அது சந்தேகத்துக்கு இடமானது என்றார் வாசஸ்பதி மிச்ரர். அந்த வாதம் சரியானதே. நூற்றாண்டுகள் கடந்தும் அதை மறுக்க வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் காலியாக உள்ள அந்த ஆப்தனுடைய ஸ்தானத்தை நிரப்பும் வழி நம் கையில் இருக்கிறது. 'நிறைகுடம் தளும்பாது' என்று ஒருவர் சொல்லும்போது, கேட்பவர் பார்ப்பது எங்கோ மறைந்துபோன மூதாதையை அன்று, எதிரில் நிற்கிற அந்த மனிதரை. அவர் அடக்கமுள்ளவராக இருந்தால் அந்தச் சொல் அன்றைக்கு மெய்யாகிறது. தற்பெருமைக்காரராக இருந்தால் அன்றைக்கு அது பொய்யாகிறது. தலைமுறைதோறும் இப்படி மெய்யாக்கியவர்கள் இருந்தமையால்தான் அது நம் வரையில் வந்து சேர்ந்திருக்கிறது. மாணவர்களே, பழமொழியை எடுத்துச் சொல்லுகிற ஒவ்வொரு முறையும் நீங்கள் அதற்குச் சாட்சிக் கையெழுத்து இடுகிறீர்கள். அதை நேரே அறிந்து, அறிந்தபடி நடந்து, பிறகு சொல்லுங்கள். அப்பொழுது, சொன்னவர் யார் என்று எவரேனும் கேட்டால், நான் என்று நீங்கள் விடை கூறலாம்.